குடி ஒண்டு, தாய் ரெண்டு: என்ட தாய்வழி டிஎன்ஏ பார்த்த கதை

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் விஞ்ஞானம் படிச்ச ஆளில்ல, கணக்கு வழக்கு பாக்கிற வேலை. ஆனா ரெண்டு வருஷமா இந்தத் தாய்வழி டிஎன்ஏக்குப் பின்னால அலைஞ்சதுல கொஞ்சம் விசயம் பிடிபட்டிருக்கு, எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் செய்யிற எண்டா உதவும் எண்டுதான் எழுதுறன்.

தொடக்கம் ஒரு கலியாணப் பேச்சு. 2010 கடைசியில எனக்கு அம்பிளாந்துறைப் பக்கம் ஒரு இடம் பேசி வந்த. சாதகம் பொருந்திற்று, புள்ள ரீச்சர், எனக்கும் பிடிச்சிருந்தது, அதை இப்ப ஒளிச்சு என்ன. எல்லாம் சரி எண்டு நாள் பாக்கிற நேரம்தான் தரகர் குடிய மாத்திச் சொல்லிப்போட்டார் எண்டு தெரியவந்த. என்ட அம்மாட அம்மா, எங்களுக்குப் பெத்தா, ஒரு கேள்விதான் கேட்டா, "புள்ளட தாய் என்ன குடிகா?" ரெண்டு பக்கமும் ஒரே குடி. அந்த இடத்துலயே கதை முடிஞ்சிற்று. ஒரே குடி எண்டா அண்ணன் தங்கச்சி முறை, கட்டேலாது.

வெளி மாவட்டத்து ஆக்களுக்கு இது விளங்காது, அதால சொல்றன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரை முழுக்க குடி எண்டது தாய் வழியாத்தான் வாறது. உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி எண்டு கன பேர் இருக்கு. (எங்கட குடிப்பேர இஞ்ச எழுதல்ல, பிறகு ஊர்ல கோயில் நிருவாகம் வரைக்கும் போகும்.) அப்பா என்ன குடி எண்டது எனக்கு ஒட்டாது, என்ட புள்ளைகள் என்ட மனுசிட குடி. குடிக்குள்ளயும் ஒரு தாய் வயித்துல இருந்து கிளைச்சு வந்த ஆக்கள வயித்துவார் எண்டு சொல்லுவாங்க. கோயில்ல காளாஞ்சி எண்ட மரியாதை குடுக்கிறதும் குடி முறையிலதான், வீடு வளவு சீதனமாப் போறதும் பொம்புளப் புள்ளைக்குத்தான், நான் பிறந்த வீடு இப்ப தங்கச்சிட. முஸ்லிம் ஆக்களுக்கும் இஞ்ச குடி இருக்கு, அக்கரைப்பற்றுல 1969ல இருந்து வந்து போய் ஆராய்ச்சி செய்த டெனிஸ் மக்கில்வ்ரே எண்ட அமெரிக்க மானிடவியலாளர் ரெண்டு சமூகத்துட குடியப் பத்தியும் எழுதியிருக்கார்.

உடம்புக் கலத்துக்குள்ள இருக்கிற மைற்றோகொண்ட்ரியா எண்ட ஒண்டுக்குத் தனியா ஒரு டிஎன்ஏ இருக்கு, அது தாயிட முட்டையில இருந்துதான் புள்ளைக்கு வரும், தகப்பன்ட வராது எண்டு வாசிச்ச நாள் நான் கதிரையில இருந்து ஒழும்பிற்றன். இது எங்கட குடியேதான்! ஆம்புளைக்கும் தாயிட்ட இருந்து வரும், ஆனா அவனோட நிண்டுபோகும், மகள் ஊடாத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். மொத்தம் 16,569 எழுத்து. மற்ற டிஎன்ஏ மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை கலந்து குழையாது, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு ஒருக்கா எங்கயாவது ஒரு எழுத்து மாறும், அந்த மாற்றங்களப் பிடிச்சுக்கொண்டு பின்னால போனா ஆர்ட கிளை எங்க பிரிஞ்ச எண்டு பாக்கலாம்.

எங்கட பக்கம் கடுதாசிய நம்பி வம்சம் தேடேலாது. பெத்தாட தாய்ட காணி உறுதி, கொப்பி எல்லாம் 78 சூறாவளியில போச்சு, மிஞ்சினதைச் சுனாமி கொண்டுபோச்சு. பெத்தாட வாயில தாய், தாய்ட தாய் எண்டு அஞ்சு பேர் இருக்கு, அதுக்கங்கால "மண்டூர்ப் பக்கத்தாக்கள்" எண்டதோட சரி.

டிஎன்ஏ பாக்கிற கிட் எடுக்க வெளிக்கிட்டது 2022ல, அதை விட மோசமான காலம் ஒண்டு இல்ல. டொலர் 200ல இருந்து 360க்குப் போய் நிக்குது, என்ட பாங்க் கார்ட்டால வெளிநாட்டுக்குக் காசு கட்டேலாது, பெற்றோலுக்கு லைன். கடைசியில ரொறன்ரோவில இருக்கிற மச்சான் சேல் நேரம் 139 டொலருக்கு முழு வரிசை பாக்கிற கிட்ட வாங்கி ஊருக்கு வந்த ஒரு ஆளிட்டக் குடுத்துவிட்டான். இதுல ஒரு விசயம் கவனிங்க, மலிவா விக்கிற 'எந்த நாடு எத்தன வீதம்' எண்ட கிட் வேற, அதுல தாய்வழி மேலோட்டமாத்தான் வரும், சிலதுல வரவே வராது. 16,569 எழுத்தையும் வாசிக்கிற கிட்தான் எடுக்கோணும்.

நான் விட்ட முதல் பிழை, பெத்தாட வாயில எடுத்தது. அவதான் மூத்த ஆள், அவட எடுத்தா ஒரு தலைமுறை பின்னால போகலாம் எண்ட நினைப்பு. யோசிச்சுப் பாத்தா மடத்தனம், பெத்தாட்ட இருக்கிறதுதான் அம்மாட்ட, அதேதான் என்னட்ட. சாப்பிட்டுக் குடிச்சு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கன்னத்து உள்பக்கம் பஞ்சுக்குச்சியால ஒரு நிமிசம் உரஞ்சோணும். பெத்தா 86 வயசு, வெத்தில இல்லாம அரை மணித்தியாலம் இருக்காத மனுசி, வாய் கழுவிப்போட்டன் எண்டு சொன்னா, நானும் நம்பினன். குச்சி சிவப்பா வந்த. அனுப்பி ஏழு கிழமைக்குப் பிறகு மெயில் வருது, மாதிரி சரியில்ல, திருப்பி அனுப்புங்க எண்டு. திருப்பிக் குச்சி வந்து, கொழும்புல ஒரு கூரியர் கந்தோர்ல இதென்ன உடம்புல எடுத்த சாமானா, ஆர்ட கடிதம் இருக்கு எண்டு கேட்டு மூணு நாள் அலைக்கழிச்சு, கடைசியில கனடாவுக்குப் போற ஆள் ஒருத்தர்ட கையிலதான் குடுத்தனுப்பினது. இந்த முறை என்ட வாய்.

நாலு மாசத்தால முடிவு வந்த. யூ2பி, அதுதான் என்ட தாய்வழிக் கிளைட பேர். கம்பெனிக்காரன்ட பக்கத்துல ஒரு உலகப்படம், ஆபிரிக்காவில இருந்து அம்புக்குறி, அவ்வளவுதான். அதை நம்பி நிக்காம வரிசைக் கோப்பை இறக்கி, ஹாப்லோகுரெப் எண்ட இலவசக் கருவியில போட்டுப் பாத்தன். மறுகா கையாலயும் பாத்தன், அதுதான் ருசி. உங்கட எழுத்துகள 1981ல கேம்பிரிட்ஜ்ல வாசிச்ச ஒரு வரிசையோட ஒப்பிட்டு எத்தனையாவது எழுத்துல வித்தியாசம் எண்டு இலக்கம் போட்டுப் பட்டியல் தருவாங்க. அந்த அளவுகோல் வரிசை ஐரோப்பியத் தாய்வழி ஒண்டுட, அதால உங்கட பட்டியல்ல இருக்கிற இலக்கங்கள் 'பழுது' இல்ல, அந்த மனுசியில இருந்து நீங்க எவ்வளவு தூரம் எண்டதுதான். என்ட பட்டியல்ல முதல்ல 489, 10400 தேடினன், இல்ல. அந்த ரெண்டும் எம் எண்ட பெருங்கிளைட அடையாளம், தெற்காசியாவில பாதிக்கு மேல ஆக்கள் எம், நானும் அதுதான் எண்டு நினைச்சிருந்தன். 11467, 12308, 12372 மூண்டும் இருக்கு, அப்ப யூ. 16051 இருக்கு, அப்ப யூ2. அந்த 16051ஐக் கண்ட நேரம், சிரிக்காதீங்க, கோயில்ல குடிப்பேர் கூப்பிடுற மாதிரி இருந்த.

மச்சானுக்குச் சொன்ன உடன அவன் கூகிள்ல தேடிப்போட்டு நடுச்சாமத்துல கோல் எடுக்கிறான், "டேய் நீ ரஷ்யாக்காரன்டா" எண்டு. விசயம் என்னெண்டா ரஷ்யாவில கொஸ்டெங்கி எண்ட இடத்துல கண்டெடுத்த கிட்டத்தட்ட 37,000 வருஷப் பழைய ஆம்புளட எலும்புல யூ2 இருந்த. 2010ல வெளிவந்த ஆய்வு. ஆனா அதால நாங்க ரஷ்யாவில இருந்து வந்த எண்டு வராது. யூ2 எண்ட தாய்க்குப் பல மகள்மார், ஏ, பி, சி மூண்டும் தெற்காசியாவில தங்கி வளர்ந்த கிளைகள், ஐரோப்பாவில கூடுதலாக் காணுறது ஈ. கொஸ்டெங்கி மனுசனும் நானும் ஒரு பழைய பெத்தாட ரெண்டு வயித்துவார், அவ்வளவுதான். எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்துறது லேசு, வயித்துவார் எண்டா போதும், வெள்ளக்காரருக்குத்தான் மரம் கீறிக் காட்டோணும்.

இன்னும் மேல போனா யூட தாய் 'ஆர்' எண்ட கிளை, அதுட தாய் 'என்', என்ட (என்னுடைய இல்ல, என் எண்ட கிளைட!) தாய் எல்3, அவ ஆபிரிக்காக்காரி, 70,000 வருஷத்துக்குக் கிட்ட. எல்3ட மற்ற மகள்தான் எம். ஆபிரிக்காவுக்கு வெளிய இருக்கிற பழைய தாய்வழிகள் எல்லாம் இந்த எம், என் ரெண்டு மகள்மார்ட வயித்துலதான் முடியுது. கடற்கரை பிடிச்சு அரேபியா, இந்தியா, அந்தமான், ஆஸ்திரேலியா எண்டு ஒரு பாதை சொல்றாங்க. அந்தமான் ஒங்கே பழங்குடி ஆக்கள்ட எம்31, எம்32 எண்ட கிளைகள ஹைதராபாத் விஞ்ஞானி தங்கராஜ் ஆக்கள் 2005ல எழுதினாங்க. ஆஸ்திரேலியப் பழங்குடியில கன பேர்ட கிளையும் 'ஆர்' கிளைட வயித்துல பிறந்ததுதான், அப்படிப் பாத்தா அவங்க எனக்குக் கொஸ்டெங்கிக்காரனுக்கு அடுத்த சொந்தம். அந்தக் காலத்துல கடல் இறங்கி இலங்கை இந்தியாவோட ஒட்டித்தான் கிடந்த, நடந்தே வந்திருக்கலாம், கள்ளத்தோணி தேவையில்ல.

இலங்கையில ஆய்வு குறைவு. 2014ல 271 பேர்ட தாய்வழி பாத்த ஒரு ஆய்வு வந்த, சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் எல்லாம் கிட்டக்கிட்ட நிக்க வேடர் மட்டும் தள்ளி நிக்கிறாங்க, அவங்கட்ட எம் குறைவு, 'ஆர்', 'யூ' கிளைகள்தான் கூட. வாகரை, பனிச்சங்கேணிப் பக்கம் தமிழ் பேசுற கடற்கரை வேடர் இருக்காங்க. யூவைக் கண்டு நானா ஒரு கதை கட்டப் பாத்தன், பிறகு விட்டுற்றன், யூ2 இந்தியா முழுக்கக் கிடக்கு, அதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆரார்ட தாய்வழி ஒத்துப்போகுது எண்டு கம்பெனி காட்டுற பட்டியலும் பெரிசா உதவல்ல. முழு வரிசையில எனக்குக் கிட்ட வந்தது ரெண்டே பேர், ரெண்டு பேரும் மூணு எழுத்துத் தள்ளி. அமெரிக்காக்காரருக்கு நூறு நூறா வருதாம், எங்கட ஆக்கள் செய்தாத்தானே வரும்.

இதையெல்லாம் முகநூல்ல நாலு வரி போட்டதுக்குச் சுவிஸ்ல இருந்து ஒரு ஆள் மெசேஜ் பண்ணினார், நானும் செய்திருக்கன், உங்கட குடிதான் எண்டு. கதைச்சுக் கதைச்சுப் போனா, அந்த அம்பிளாந்துறை ரீச்சர்ட சொந்த அண்ணன்! அவர்ட முடிவக் கேட்டன். எம்2. தெற்காசியாவில எம்ட ஆகப் பழைய கிளைகள்ல ஒண்டு.

கொஞ்ச நேரம் நான் ஒண்டும் கதைக்கல்ல. எம்மும் யூவும். எனக்கும் அந்தப் புள்ளைக்கும் பொதுவான தாய் எண்டா எல்3தான், ஆபிரிக்காவில, அறுபது எழுபதாயிரம் வருஷத்துக்கு முன்னுக்கு. அதுக்குத்தான் அண்ணன் தங்கச்சி முறை எண்டு நிப்பாட்டின.

பெத்தாட்டப் போய்ச் சொன்னன், ஒரே குடி எண்டீங்க, தாய் வேற வேறயாம் எண்டு. அவ அசரல்ல. "அதுக்கென்ன மனே, அந்தக் காலத்துல அனாதப் புள்ளைகளத் தூக்கி வளக்கல்லயா, வேற ஊரால வந்த பொம்புளயச் சேத்துக்கொள்ளல்லயா, சேத்தா அவளும் குடிதான். குடி எண்டது வாய்க்குள்ள குச்சி விட்டுப் பாக்கிறதா?" எண்டு கேட்டுப்போட்டு வெத்திலைய இடிக்கத் தொடங்கிற்றா. எனக்குக் கோவமும் வந்த, சிரிப்பும் வந்த. (மனுசி இதை வாசிப்பா எண்டு தெரியும். ரீச்சர் இப்ப ரெண்டு புள்ளைட தாய், நானும் சந்தோசமாத்தான் இருக்கன்.)

ரெண்டு பேர வச்சு ஒரு குடியச் சொல்லேலாது எண்டு சுவிஸ் அண்ணன் சொல்றார், அது சரி. அம்பிளாந்துறையில எங்கட குடி வயித்துவார் ஒருத்தர் இருக்கார், கோயில் நிருவாகம் பாக்கிற வண்ணக்கரா இருந்தவர், மூண்டாவதா அவர்ட எடுப்பம் எண்டு ரெண்டு பேரும் காசு போட்டு ஒரு கிட் வாங்கி வச்சிருக்கம். அவருக்கும் விருப்பம்தான், மண்டூர் ஆவணித் திருவிழா முடியட்டும் எண்டு சொல்லியிருக்கார். ஆனா ஆள் பெத்தாவ விட மோசம், விடியக் கண் முழிச்சதுல இருந்து வெத்திலதான், எந்த மணித்தியாலத்துல குச்சிய விடுற எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கன்.