சம்மதம் காதில் விழ வேண்டும்

திருமணம் நடத்தி வைக்கும்போது நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். மணமக்கள் தங்கள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், அது சாட்சிகளின் காதில் விழ வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம். 1962-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற திருமணச் சம்மத உடன்படிக்கையும் இதைத்தான் கேட்கிறது: முழுமனதான சம்மதம், நேரில், நடத்திவைக்கும் அதிகாரம் உள்ளவர் முன், சாட்சிகளோடு. அதனால் முன்னதாகவே இருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிடுவேன். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் சிலருக்கு உண்மை வாயில் வராது. ஒருவர் தயங்கினால்கூட, கூட்டம் நிறைந்திருந்தாலும் சரி, நடத்த மாட்டேன்.

அப்புறம் பெயர்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் முன், அடையாளச் சான்றோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன். பெயர் சூட்டும் விழாவுக்கும் இதே பழக்கம்தான். இறுதிச் சடங்கு என்றால், இறந்தவரை வீட்டார் செல்லமாக அழைத்த பெயரையும் கேட்டு வாங்கிச் சேர்த்துச் சொல்வேன்.