ஷூ பெட்டியில் ரசீதுகள்

நவம்பர் 3, 2025, திங்கள்

ஆபீஸில் அடுத்த வருஷத்துக்கான இன்ஷூரன்ஸ் தேர்வு இன்று திறந்துவிட்டது. 14-ஆம் தேதி கடைசி. கணவரின் கழுத்து டெஸ்ட் ரிப்போர்ட் அதற்குள் வந்தால் தேவலை.

நவம்பர் 4

இரவு ஹெச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) ஸ்டேட்மென்டை முழுசாகப் படித்தேன். மாதம் 3.75 டாலர் கட்டணம். ஆறு வருஷத்தில் 270 டாலர் போயிருக்கிறது. அதைவிட எரிச்சல், முதல் 2,000 டாலரை எதிலும் முதலீடு செய்ய விடமாட்டார்களாம். சும்மா கிடக்கிறது.

ஃபிடெலிட்டி என்ற இன்னொரு கம்பெனியில் கணக்குக் கட்டணமும் கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் கிடையாது. ஆனால் எங்கள் ஆபீஸ் சம்பளத்தில் பிடிப்பதைப் பழைய இடத்துக்குத்தான் அனுப்பும். நானே தனியாகக் கட்டினால் வருமான வரிச் சலுகை உண்டு; சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 சதவீதம் மிச்சமாகாது. அடுத்த வருஷம் ஒரு குடும்பம் ஹெச்.எஸ்.ஏ.வில் போடக்கூடிய வரம்பு 8,750. அதற்கு 669 டாலர். விட மனசில்லை. அங்கேயே விழட்டும், அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம்.

நவம்பர் 6

போன் வரவில்லை.

நவம்பர் 8, சனி

ஷூ பெட்டியைக் கொட்டினேன். பார்மசி ரசீதுகள் பாதி வெளுத்துவிட்டன. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. கணக்கு திறந்த பிறகு கைக்காசு போட்டுக் கட்டிய எந்த மருத்துவச் செலவையும் எத்தனை வருஷம் கழித்தும் வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், ரசீது இருந்தால். ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். அவர் காபியோடு வந்து உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தார். “இது எனக்கு நிமோனியா வந்தப்போ வாங்கினது.” கழுத்தில் பிளாஸ்டர் இருந்த இடத்தை இன்னும் தடவிக்கொண்டே இருக்கிறார்.

நவம்பர் 11

பணத்தை ஃபிடெலிட்டிக்கு மாற்ற, பழைய ஹெச்.எஸ்.ஏ. கம்பெனியில் நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். என் பேருக்குச் செக் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். கைக்கு வந்தால் 60 நாளுக்குள் புதுக் கணக்கில் கட்ட வேண்டும், அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான். கம்பெனியிலிருந்து கம்பெனிக்கு நேரே போனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்று முறை சொல்லி எழுதிக்கொள்ள வைத்தேன்.

நவம்பர் 12

தூக்கமில்லை. எல்லாவற்றையும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு இருபது வருஷம் தொடாதே என்கிறார்கள். அது வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பவர்களின் கணக்கு. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் ஜனவரியிலேயே பணம் வேண்டும், அன்றைக்குச் சந்தை விழுந்திருந்தால்? எங்கள் இன்ஷூரன்ஸ் பிளானில் வருஷத்துக்கு அதிகபட்சமாகக் கைவிட்டுப் போகக்கூடியது 8,000. அதை அப்படியே ரொக்கமாக வைக்கிறேன். மிச்சம் இருந்தால் ஃபண்ட்.

நவம்பர் 13

ஆபீஸ் தேர்வில் ஹெச்.எஸ்.ஏ.வுக்கு 8,750 என்று போட்டு அனுப்பிவிட்டேன். நியூஜெர்சி இதற்கு மாநில வரியை விடாது. சரி, இருக்கட்டும்.

நவம்பர் 14

நேரில் வரச் சொன்னார்கள். பார்க்கிங் 12 டாலர். அதுவும் மருத்துவச் செலவில் சேரும். காரிலேயே படம் எடுத்துவிட்டேன்.