வெளிநாட்டில் இருக்கிறவர் எந்த ஊர்க் கணக்கு?

பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் வளைகுடா போகிறவர்கள் ஏராளம். ஷூ கம்பெனி சம்பளத்தைவிட அங்கே கையில் நிற்பது கூடுதல். விசா எடுத்துக் கொடுக்க ஒரு மச்சான் ஏற்கெனவே அங்கே இருப்பார். என்னைக் கேட்டால் பெரிய காரணமே அந்த மச்சான்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளிநாட்டில் இருந்தவர் பெயர் வீட்டுப் படிவத்தில் ஏறாது. மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா அம்மா மட்டும்தான். அவரை எண்ணுவது அவர் போய் இருக்கிற நாடு. கத்தாரில் ஏறக்குறைய நாலு பேரில் மூணு பேர் ஆண் என்பது இப்படித்தான். ஆனால் குடியுரிமை கிடைக்காது. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பத்தாவது பாஸ் ஆகாதவர் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகை, அதாவது வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டியது. விசிட் விசாவில் போய் வேலை பார்த்தால் அந்த அனுமதியும் இல்லை, அதோடு எடுக்கிற 10 லட்ச ரூபாய் காப்பீடும் இல்லை. ஏஜென்ட் கமிஷன் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ரசீது கேளுங்க.