கடைக்குட்டியின் கால் எட்டிய வண்டி

அரிசோனாவுக்கு வரும் நம் ஆட்களின் முதல் இரண்டு வருடம் வேலை, விசா, பள்ளிக்கூடம், மாரிகோபா மகா கணபதி கோயில் என்றே ஓடிவிடும். சுற்றிக் கிடக்கும் பாலைவனத்தை ஃப்ரீவேயிலிருந்து பார்ப்பதோடு சரி. உள்ளூர்க்காரர்களோ குளிர்காலச் சனிக்கிழமைகளில் ட்ரெய்லரில் பக்கியை (மண் பாதையில் ஓட்டும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு வடக்கே கிளம்பிவிடுகிறார்கள். சாண்ட்லரில் வீடு வாங்கிய பிறகு எங்களுக்கும் அந்த ஆசை வந்தது.

கடைக்குப் போனால் தலை சுற்றும். டர்போ வைத்த நான்கு இருக்கை ஸ்போர்ட் வண்டிகள் 30,000 டாலரைச் சுலபமாகத் தாண்டுகின்றன. விற்பவர்கள் குதிரைசக்தியைத்தான் முதலில் சொல்வார்கள். என் மனைவி கேட்டது வேறு: "ஏனுங்க, இதுல பாப்பா எதைப் புடிச்சுக்குவா?"

அதுதான் சரியான கேள்வி. இந்த வண்டிகளில் உட்காரும் பிள்ளையின் முதுகு இருக்கையில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை பிடிக்கு எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் ஏற்றக் கூடாது என்று எல்லா நிறுவனங்களின் கையேட்டிலும் இருக்கிறது. காரில் வைக்கும் குழந்தை இருக்கையை இதில் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். அது இதற்காகச் செய்யப்பட்டதல்ல. எங்கள் சின்னவளுக்குக் கால் எட்டவில்லை. ஆசையை அடக்கிக்கொண்டு அவள் வளரும் வரை காத்திருந்தோம். நடுவில் அரை நாள் வாடகைக்கு எடுத்து நானும் மனைவியும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். வாங்குவதற்கு முன் வாடகைக்கு ஓட்டிப் பார்ப்பதை யாருக்கும் சொல்வேன். பின்னிருக்கையிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், இடுப்பே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அப்புறம் இழுக்கும் வண்டி. எங்களிடம் இருப்பது மினிவேன், 3,500 பவுண்டுக்கு மேல் இழுக்காது. போலாரிஸ் ஆர்ஸெட்ஆர் எக்ஸ்பி 4 போன்ற நீளமான வண்டிகள் 12 அடி வரும். அதற்கேற்ற பெரிய ட்ரெய்லர், கொஞ்ச நாளில் ஒரு பிக்கப் டிரக் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். ஹோண்டா பயனியர் 700-4 பத்தடிக்குள் அடங்குகிறது. பின்னிரண்டு இருக்கைகளையும் மடக்கினால் அது சரக்குத் தட்டு. 675 சிசி, ஒற்றை சிலிண்டர். வேகம் பிடிக்காது, பையனுக்கு அதில் வருத்தம்தான். எனக்கு அதுவே நிம்மதி.

பயனியரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் பெல்ட். இந்த வகையில் பெரும்பாலான வண்டிகள் சிவிடி என்ற, பெல்ட்டால் இயங்கும் தானியங்கி கியர் முறையில் ஓடுபவை. மணலிலும் செங்குத்து ஏற்றத்திலும் லோ கியர் போடாமல் மிதித்தால் பெல்ட் சூடேறி அறுந்துபோகும். தெரிந்தவர்கள் மாற்று பெல்ட் ஒன்றைக் கூடவே வைத்திருப்பார்கள். பயனியரில் பெல்ட் கிடையாது, கார் மாதிரி கியர்பாக்ஸ்தான்.

பழைய வண்டி வாங்குபவர்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை (VIN) வைத்து ரீகால், அதாவது பழுதைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைத்தது, பாக்கி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 2016-இல் போலாரிஸ், தீப்பிடிக்கும் அபாயத்தால் 2013 முதல் 2016 வரையிலான ஆர்ஸெட்ஆர் 900, 1000 மாடல்களில் சுமார் 1,33,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த விவகாரத்தில் 2018-இல் 2.725 கோடி டாலர் அபராதமும் கட்டியது. அந்தக் காலத்து வண்டிகள் இன்றும் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. சரிசெய்த ரசீது இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நாங்கள் பழைய பயனியர் ஒன்றை 10,000 டாலருக்குச் சற்றுக் கீழே பேசி முடித்தோம். ட்ரெய்லர், ஹெல்மெட், காப்பீடு எல்லாம் அதற்கு மேல். சாலைக்கு வெளியே ஓட்டும் வண்டிகளுக்கான மாநிலத்தின் ஓஎச்வி ஸ்டிக்கர் வருடத்துக்கு 25 டாலர். 2025 முதல் ஒரு பாதுகாப்புப் பாடம் முடித்தால்தான் அதுவும் கிடைக்கும். 18 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை என்பது எனக்குப் புரியாத சட்டம். எங்கள் வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்கிறோம்.

போவது டேபிள் மேசா ரோடு, இல்லாவிட்டால் புல்டாக் கேன்யன். புல்டாக்குக்கு டோன்டோ தேசிய வனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், கேட் பூட்டியிருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் எங்கள் காலம். கோடையில் 110 டிகிரி. மழைக்காலத்தில் எங்கோ தொலைவில் பெய்த மழை, காய்ந்து கிடக்கும் ஓடையில் திடீரென்று வெள்ளமாக வரும். புழுதியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மண்ணிலிருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குப் போனால் வேலி ஃபீவர் (Valley Fever) என்ற நோய் வரலாம். முன்னால் போகும் வண்டியின் புழுதி அடங்கிய பிறகே நாங்கள் நகர்வோம்.

கடைசியாக நிறுத்தும் இடம். எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் ட்ரெய்லர் நிற்க விடாது. அது ஊருக்கு வெளியே வாடகை இடத்தில் நிற்கிறது. பக்கி கராஜுக்குள் வந்துவிட்டது, மனைவியின் கார் வெயிலுக்குப் போய்விட்டது. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.