திருநகர் வீட்டு கேமராவை என் போனுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு

நேற்று ராத்திரிதான் வேலை முடிந்தது. அம்மா கேட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனதை சென்னையில் உட்கார்ந்து என் போனில் பார்த்தேன். இதற்கு மூன்று வாரமும் மதுரைக்கு இரண்டு நடையும் ஆகியிருக்கிறது. வீட்டில் கேமரா மாட்டியிருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். உங்கள் டிவிஆர், அதாவது கேமரா படங்களைப் பதிவு செய்கிற பெட்டி, யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அப்பா போன பிறகு அம்மா திருநகரில் தனியாக இருக்கிறார். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தது என்று கேள்விப்பட்டதும் அவசர அவசரமாக நான்கு கேமராவும் ஒரு டிவிஆரும் மாட்டினோம். வாசல், மாடிப்படி, கொல்லைப்புறம், ஹால். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கினோம். கடைக்காரரே ஆள் அனுப்பினார். டிவியில் நாலு கட்டமாகப் படம் வந்தது, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். போனில் பார்க்கிற வேலையை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டதுதான் நான் செய்த தப்பு.

அப்புறம் செய்ய உட்கார்ந்தபோது டிவிஆர் நெட்டிலேயே இல்லை. மெனுவில் பி2பி (கம்பெனி சர்வர் வழியாகப் போனில் படம் பார்க்கிற வசதி) என்ற பக்கத்தில் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டியது. இடையில் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டிருந்தோம், அங்கேதான் சிக்கல். இதை நான் கண்டுபிடித்ததே அம்மாவை வைத்துத்தான். வீடியோ காலில் ஒரு கையில் போன், ஒரு கையில் டிவிஆர் மவுஸ். பாஸ்வேர்டு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.

“நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, புள்ளி, நூத்தி அறுவத்தெட்டு, புள்ளி, ஒண்ணு, புள்ளி, நூத்தியெட்டு.”

“சரிம்மா, இப்ப ஃபைபர் பொட்டிக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படிங்க.”

“அதேதான்டீ... இரு இரு, மூணாவதா இங்க நூறு போட்டிருக்கு. அங்க ஒண்ணு.”

அவ்வளவுதான் விஷயம். டிவிஆருக்கு 192.168.1.108 என்று கையால் முகவரி போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய மோடத்துக்கு அது பொருந்தியது. புது ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.100.1. இரண்டும் வேறு வேறு வரிசை, ஒன்றை ஒன்று பார்க்கவே பார்க்காது. நெட்வொர்க் பக்கத்தில் டிஹெச்சிபி, அதாவது முகவரியைத் தானாக வாங்கிக்கொள்கிற வசதி, என்பதை டிக் செய்யச் சொன்னேன், புது முகவரியை அதுவே எடுத்துக்கொண்டது. டிஎன்எஸ் (நெட்டில் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) இடத்தில் 8.8.8.8 போட்டதும் ‘ஆன்லைன்’ என்று வந்துவிட்டது. அம்மாவுக்கு என்னைவிட சந்தோஷம். ஃபைபருக்கு மாறியபிறகு கேமரா போனில் வரவில்லை என்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இனி டிவிஆர் மேல் இருக்கிற க்யூஆர் கோடை என் போனில் கம்பெனி ஆப்பில் ஸ்கேன் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஸ்கேன் செய்தால், ‘இந்தக் கருவி ஏற்கெனவே வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று வருகிறது. வேறொரு கணக்கு யாருடையது? எங்கள் வீட்டில் யாரும் ஆப் போட்டதே இல்லை.

டிவிஆர் கம்பெனி கஸ்டமர் கேரில் மூன்று தடவை பேசினேன். டிவிஆரை ரீசெட் செய்தால் போய்விடுமா என்றால், போகாதாம். அந்தப் பதிவு பெட்டிக்குள் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கிறது. அதை நீக்க இரண்டே வழி. சேர்த்தவரே தன் ஆப்பிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் சீரியல் நம்பர் தெரிகிற போட்டோவும் கடை பில்லும் அனுப்ப வேண்டும். பில் எங்கே? எங்களிடம் இருந்தது ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு. ‘கேமரா 4, டிவிஆர் 1, ஒயர், கூலி’, கீழே ஒரு மொத்தத் தொகை. கடை பெயர்கூட அதில் இல்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினேன். சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். கல்லாவில் இருந்தவர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “பில்லு வேணும்னா அன்னைக்கே கேட்டிருக்கணும்மா, இப்பப் போட முடியாது.” சரி, மாட்டிய தம்பியின் நம்பராவது கொடுங்கள் என்றேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், நம்பர் இல்லையாம். முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கும் அதே வெள்ளைச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ராத்திரி வெறுங்கையோடு சென்னைக்கு ரயில் ஏறினேன்.

பி2பி இல்லாமல் நேராகவே பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அடுத்த இரண்டு ராத்திரி போர்ட் ஃபார்வர்டிங்கில் போனது, அதாவது வெளியிலிருந்து டிவிஆருக்கு நேராக வர ரவுட்டரில் ஒரு வாசல் திறக்கிற வேலை. அம்மாவை வைத்தே வீட்டு ரவுட்டருக்குள் (அந்த ஃபைபர் பெட்டிதான்) போய் போர்ட்டைத் திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரவுட்டர் காட்டிய வான் ஐபியை, அதாவது நெட் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியை, பார்த்தேன், 100.72 என்று ஆரம்பித்தது. ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் அம்மா போனில் வேறு எண் வந்தது. 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கிற முகவரி என்றால் நெட் கம்பெனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம், சிஜிநாட் என்கிறார்கள். அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. வான் ஐபியை முதலில் பார்த்திருந்தால் எனக்கு இரண்டு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

மாசாமாசம் தனிக்கட்டணம் கட்டினால் ஸ்டாடிக் ஐபி, அதாவது எங்களுக்கென்றே மாறாத ஒரு பொது முகவரி, தருவோம் என்றார்கள் நெட் கம்பெனிக்காரர்கள். யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2016இல் மிராய் என்ற வைரஸ் இப்படி நேராக நெட்டில் திறந்து கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான் புகுந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழி. எங்கள் வீட்டு பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அட்மின், அதற்குப் பிறகு ஒன்று இரண்டு மூன்று.

வழி கிடைத்தது எதிர் வீட்டு அக்காவால். அவர் தம்பி கடையிலும் எங்களுக்கு மாட்டிய அதே ஆள்தான் கேமரா மாட்டியிருக்கிறார், நம்பர் இருந்தது. போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருகிறேன் என்றார். நான் மறுபடி மதுரைக்கு வந்தேன்.

கேமரா மாட்டிய தம்பி திண்ணையில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தார். வரிசையாக வீடுகள். ‘வில்லாபுரம் மாடி வீடு’, ‘பசுமலை டீச்சர்’, ஒரு மளிகைக் கடை, இன்னும் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ‘திருநகர் அம்மா’. அதைத் தொட்டார். எங்கள் ஹால் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார், அந்த நிமிஷத்தில், அந்தத் தம்பியின் போனில். நான் கஷ்டப்பட்டு நெட்டைச் சரிசெய்ததில் படம் எனக்குக் கிடைக்கவில்லை, அவருக்குக் கிடைத்திருக்கிறது.

எனக்குக் கை நடுங்கியது. “எத்தனை நாளா தெரியுது தம்பி?” என்று கேட்டேன். “நான் திறந்தே பார்க்கிறதில்லைக்கா. டெஸ்ட் பண்ண சேர்த்தது. அப்புறம் சர்வீஸுக்கு வசதியா இருக்கும்னு அப்படியே விட்டுர்றது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். கூப்பிட்டதும் வந்த மனுஷர். ஆனால் அந்தப் போன் தொலைந்தால்? அந்தப் பட்டியலில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாதே.

நீக்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை. உடனே நான் ஸ்கேன் செய்தேன், முதல் தடவையிலேயே சேர்ந்துவிட்டது. அவர் எதிரிலேயே பாஸ்வேர்டை மாற்றினேன். யூசர் பட்டியலில் அட்மின் தவிர இன்னொரு பெயர் இருந்தது, அதையும் அழித்தேன். இதை விட்டுவிடாதீர்கள். கணக்கிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, டிவிஆர் பாஸ்வேர்டும் மாற வேண்டும். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் சொல்லி எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. போன் டேட்டாவில் படம் திக்கித் திக்கி வந்தது, ஆப்பில் சப் ஸ்ட்ரீமுக்கு (தெளிவு குறைந்த, டேட்டா குறைவாக எடுக்கிற படம்) மாற்றியதும் சரியானது. டிவிஆர் கடிகாரம் தப்பாக இருந்தது, நேர மண்டலத்தை 5:30க்கு மாற்றினேன். நேரம் தப்பாக இருந்தால் பதிவை யாரிடமும் காட்டிப் பேச முடியாது. கரண்ட் போனால் டிவிஆருக்கு யுபிஎஸ் இருக்கிறது, ஃபைபர் பெட்டிக்கு இல்லை. அதையும் அதே யுபிஎஸ்ஸில் செருகியாயிற்று. கோயம்புத்தூரில் இருக்கிற தங்கைக்கு என் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், ஆப்பிலேயே ‘ஷேர்’ என்று அனுப்பினேன், லைவ் மட்டும் பார்க்கிற மாதிரி.

அந்தத் தம்பி போனதும் அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “ஹால்ல இருக்கிறது மட்டும் வேண்டாம்டீ” என்றார். ஏணியை எடுத்துப்போட்டு நானே கழற்றினேன். இப்போது என் போனில் மூன்று கட்டத்தில் படம் வருகிறது.