பர்மிங்ஹாமில் மே மாதத்திலிருந்து தொடங்குங்கள்

அலபாமாவின் பர்மிங்ஹாமுக்கு வருகிறவர்களில் பலர் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு நேராகப் போய், குண்டு வெடித்த பக்கத்தைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்ற 1963 செப்டம்பர் 15 மட்டும் அவர்கள் மனதில் தங்குகிறது. அதே ஆண்டு மே மாதம் இந்த வாசலிலிருந்து யார் புறப்பட்டுப் போனார்கள் என்பது தெரியாவிட்டால், செப்டம்பரில் இந்தக் கட்டடம் ஏன் குறிவைக்கப்பட்டது என்பதும் விளங்காது. அதனால் இங்கே எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் ஆறாவது அவென்யூ பக்கத்து முன்வாசலில் நில்லுங்கள். இரட்டைக் கோபுரம் கொண்ட இந்தக் கட்டடம் 1911இல் முடிந்தது. வடிவமைத்தவர் வாலஸ் ரேஃபீல்ட் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். கட்டியவர் டி. சி. விண்டம் என்ற கறுப்பின ஒப்பந்தக்காரர். சபை அதைவிடப் பழையது, 1873இல் தொடங்கியது. நகரத்தின் பெரிய அரங்குகள் கறுப்பின மக்களைச் சமமாக உள்ளே விடாத காலத்தில் கச்சேரியும் சொற்பொழிவும் பொதுக்கூட்டமும் இங்கேதான் நடந்தன. பெரிய கூடமும் நகர மையத்தில் இடமும் இருந்ததால்தான் 1963இல் இனப்பிரிவினைக்கு எதிரான போராட்டத்துக்கு இது கூடுமிடமானது.

அந்த மே 2ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகள் இந்த வாசலிலிருந்து குழு குழுவாகப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். பெரியவர்கள் சிறைக்குப் போனால் வேலை போய்விடும், வீட்டு வாடகை நிற்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. போராட்ட அமைப்பாளர் ஜேம்ஸ் பெவெல் முன்வைத்த இந்தக் கணக்கை மார்ட்டின் லூதர் கிங் தயக்கத்தோடுதான் ஏற்றார். முதல் நாளிலேயே சிறுவர் சிறுமியர் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். மறுநாள் நகர அதிகாரி புல் கானர் தீயணைப்புக் குழாய்களையும் காவல் நாய்களையும் ஏவினார்.

பிள்ளைகள் போன வழியிலேயே தெருவைக் கடந்தால் கெல்லி இங்கிரம் பூங்கா. நடைபாதையின் இரு பக்கச் சுவரிலிருந்தும் பாய்கிற நாய்ச் சிற்பங்களுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். சிற்பி ஜேம்ஸ் டிரேக் அப்படித்தான் அமைத்திருக்கிறார். சுற்றிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர்ப் பீரங்கிச் சிற்பத்தின் முக்காலியைக் கவனியுங்கள். இரண்டு குழாய்களின் நீரை ஒரே முனையில் சேர்த்தால் அந்த விசையைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது, அதற்காகத்தான் முக்காலி. மரப்பட்டையை உரிக்கும் அந்த நீரைத்தான் குழந்தைகள் மேல் பாய்ச்சினார்கள்.

அடுத்தது, தேவாலயத்துக்கு எதிரே உள்ள பர்மிங்ஹாம் குடிமை உரிமைகள் நிறுவனம். 1992இல் திறந்த அருங்காட்சியகம் இது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இதை முடித்த பிறகு தேவாலயத்துக்குள் போவதே சரியான வரிசை.

உள்ளே, கீழ்த்தளத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். 1963 செப்டம்பர் 15 அன்று இளைஞர் ஞாயிறு. ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டு கீழே பெண்கள் அறையில் இருந்தவர்கள் ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர். முதல் மூவருக்கும் வயது 14, டெனிஸுக்கு 11. கிழக்குப் பக்கப் படிகளுக்கு அடியில் வைத்த டைனமைட் காலை 10:22க்கு வெடித்தது. நால்வரும் இறந்தார்கள். ஆடி மேயின் தங்கை சாரா உயிர் பிழைத்தார், ஒரு கண்ணை இழந்தார். அதே நாளில் நகரின் வேறு இடங்களில் ஜானி ராபின்சன் (16), வர்ஜில் வேர் (13) என்ற இரு சிறுவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீதி வந்த வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, குண்டு வைத்ததாக 1965க்குள் நான்கு பேரை அடையாளம் கண்டது. 1968இல் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் கோப்பை மூடியது. ராபர்ட் சாம்ப்ளிஸ் 1977இலும், தாமஸ் பிளாண்டன் 2001இலும், பாபி ஃபிராங்க் செர்ரி 2002இலும் தண்டிக்கப்பட்டார்கள். நான்காமவர் ஹெர்மன் கேஷ் வழக்கே இல்லாமல் 1994இல் இறந்தார்.

மேலே ஆராதனைக் கூடத்தில் பின்பக்க மாடியைத் திரும்பிப் பாருங்கள். வேல்ஸ் நாட்டு மக்கள் கொடுத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் அங்கே இருக்கிறது. கலைஞர் ஜான் பெட்ஸ். நாலைந்து செல்வந்தர்களின் கொடையாக அது ஆகிவிடக் கூடாது என்று, ஒருவர் அரை கிரவுன் என்ற சிறு நாணயத்துக்கு மேல் தரக் கூடாதென ஒரு செய்தித்தாள் வரம்பு வைத்துப் பணம் திரட்டியது. ஜன்னல் 1965இல் வைக்கப்பட்டது. கறுப்பின இயேசு கைகளை விரித்து நிற்கிறார். ஒரு கை அநீதியைத் தள்ளுகிறது, மறு கை மன்னிப்பை நீட்டுகிறது. கீழே எழுதியிருப்பது மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் பொருள்: ‘எனக்கே செய்தீர்கள்’. குண்டுவெடிப்பில் பழைய ஜன்னல் ஒன்றில் இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்துபோனதை அறிந்துகொண்டு பார்த்தால், இந்த முகம் ஏன் இப்படி வரையப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது இன்றும் நடக்கிற சபை. சுற்றிக்காட்டும் நேரம் வழக்கமாகச் செவ்வாய் முதல் சனி வரைதான், திங்கள் விடுமுறை. சபையின் இணையதளத்தில் முன்பதிவு செய்யாமல் வந்தால் கதவு சாத்தியிருக்க வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் ஆராதனைக்கு வருகிறவர். அன்று கேமராவைப் பையிலேயே வையுங்கள், அரைக்கால் சட்டை வேண்டாம். ஜெபமும் வேத வாசிப்பும் நடக்கும்போது உள்ளே நடக்கக் கூடாது. வாசலில் நிற்கும் உதவியாளர் கைகாட்டும்வரை காத்திருங்கள். கறுப்பினச் சபைகளில் பிரசங்கத்துக்கு நடுவே மக்கள் ‘ஆமென்’ என்று குரல் கொடுப்பது இடையூறு அல்ல, போதகர் அதை எதிர்பார்த்தே நிறுத்துவார். விருந்தினரை எழுந்து நிற்கச் சொன்னால் கூச்சப்படாமல் எழுந்திருங்கள். காணிக்கைக்குக் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியிலும் செப்டம்பர் 15ஐ ஒட்டியும் கூட்டம் அதிகம், அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலை வழியே சுமார் 240 கிலோமீட்டர். பர்மிங்ஹாம் ஒரு மணி நேரம் பின்தங்கிய மண்டலம். வரும்போது மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும். அட்லாண்டாவில் விமானம் பிடிப்பவர்கள் தடுமாறுவது இதில்தான்.

நேரமிருந்தால் நகர மையத்துக்கு வடக்கே காலேஜ்வில் பகுதியில் பழைய பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் பாருங்கள். 1956இல் கிறிஸ்துமஸ் இரவு அதன் போதகர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் படுத்திருந்த போதகர் இல்லம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அவர் உயிரோடு எழுந்து வந்தார், மறுநாளே பேருந்தில் இனப்பிரிவினையை மீறச் சபையாரோடு புறப்பட்டார். பர்மிங்ஹாமுக்குக் கிங்கை அழைத்தவரும் அவரே. அந்தப் பகுதியைச் சுற்றி ரயில் பாதைகள் உண்டு. சரக்கு ரயில் கடவையை நெடுநேரம் மறித்து நிற்கும். கைபேசி காட்டும் பயண நேரத்தை நம்பாமல் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.