ஒரு செஸ்னா, நான்கு நாள், ஓயாத காற்று

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனையாவதாகப் போய்ச் சேர்ந்தீர்கள்?" மதுரையிலிருந்து போனில் அம்மாவும், "சரி, எத்தனாவதா வந்தே, அதைச் சொல்லு" என்றார். இந்தப் பந்தயத்தில் முதலில் போய்ச் சேர்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அவருக்கு விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தை இங்கேயும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பந்தயத்தின் பெயர் ஏர் ரேஸ் கிளாசிக். பெண் விமானிகளுக்கு மட்டுமானது. அமெரிக்காவின் குறுக்கே, சிறிய பிஸ்டன் என்ஜின் விமானங்களில், பகல் வெளிச்சத்தில் மட்டும், கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் விதிகளின்படி நான்கு நாளில் பறந்து முடிக்க வேண்டும். இந்த வருடம், 2017 ஜூன் 20 முதல் 23 வரை. மேரிலாந்தின் ஃப்ரெடரிக்கில் தொடக்கம், நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் முடிவு. பாதை நேர்க்கோடு இல்லை. மேற்கே போய், வடக்கே மினசோட்டா வரை ஏறி, பிறகு டெக்சாஸ் வரை இறங்கி, மறுபடி மேற்கே திரும்புகிறது. சாலை வழியாகக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரத்தைவிட அதிகம்.

ஒவ்வொரு விமானத்துக்கும் பந்தயத்துக்கு முன்பே ஒரு ஹேண்டிகேப் வேகம் குறித்துவிடுவார்கள். காற்றே இல்லாவிட்டால் அந்த விமானம் முழு த்ராட்டிலில், அதாவது என்ஜினை முழுதாக முடுக்கினால், என்ன வேகம் போகும் என்ற எண் அது. தரைவேகம் என்பது காற்று தள்ளுவதும் தடுப்பதும் சேர்ந்து தரைக்கு மேல் உண்மையில் நகரும் வேகம். பந்தயத்தில் நாம் எடுக்கும் சராசரி தரைவேகத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் நம் புள்ளி. நானும் என் தோழியும் ஓட்டிய செஸ்னா 172-க்குக் கிடைத்த எண் 119 நாட், அதாவது மணிக்கு 119 கடல் மைல். 125 எடுத்தால் ஆறு புள்ளி லாபம். 180 நாட்டில் பறக்கும் விமானம் 178 எடுத்தால் அதற்கு இரண்டு புள்ளி நஷ்டம். அதனால்தான் கல்லூரியில் புது மாணவர்கள் தட்டித் தட்டி இறக்கிப் பழகும் ஒரு பயிற்சி விமானத்தை வைத்துக்கொண்டும் இதில் ஜெயிக்க முடியும். கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை யார் முதல் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக வந்த அணியே முதலிடம் பெறலாம். இதைவிட நியாயமான பந்தயத்தை நான் பார்த்ததில்லை.

இனி செலவுக் கணக்கு. நுழைவுக் கட்டணம், எரிபொருள், அறை, சாப்பாடு, போகவர ஆகும் பறக்கும் மணிக்கணக்கு என்று எல்லாம் சேர்ந்து எங்களுக்குத் தேவைப்பட்டது 9,000 டாலர். அமெரிக்காவில் நாங்கள் படிக்கும் கல்லூரியின் துறை பாதியைக் கொடுத்தது. மீதிக்குப் பழைய மாணவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டோம். அப்புறம் மாணவர் மையத்தில் ஆறு சனிக்கிழமை மசால் வடை போட்டு விற்றேன். மூன்று வடை ஐந்து டாலர். வடையில் மட்டும் 640 டாலர் வந்தது. பெருஞ்சீரகம் தட்டிப்போட்ட வடைக்கு அந்த ஊரில் இவ்வளவு ஆட்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஃப்ரெடரிக்கில் முதல் தலைவலி வான்வெளி. வாஷிங்டன் பக்கம் என்பதால், அந்த நகரைச் சுற்றி 60 கடல் மைலுக்குள் எங்களைப் போலப் பறக்கிற எவரும் தனியாக ஒரு பயிற்சி முடித்திருக்க வேண்டும். கொஞ்சம் வடக்கே போனால் கேம்ப் டேவிட், அதிபரின் ஓய்விடம். அதன்மேல் பறக்கவே கூடாது. வரைபடத்தில் அந்த வட்டத்தைப் பார்த்தாலே கை கூசும். துணை விமானியான என் தோழி சிவப்புப் பேனாவால் அதன்மேல் மூன்று முறை கோடு போட்டு வைத்திருந்தாள். விமானச் சோதனை, காகிதச் சோதனை, பாதை விளக்கக் கூட்டம் என்று இரண்டு நாள் ஓடின. அந்தக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் எழுபதைத் தாண்டியவர், பல வருடங்களாகப் பறக்கிறவர். என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "காற்றைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய், தண்ணீர் குடிப்பது பற்றி ஒன்றுமே இல்லையே" என்றார். நான்காவது நாள் அந்த வார்த்தையின் அருமை தெரிந்தது.

அவரைப் போன்றவர்களைப் பார்க்கும்போதுதான் இந்தப் பந்தயத்தின் வயது உறைக்கிறது. 1929 ஆகஸ்டில் 20 பெண்கள் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவிலிருந்து ஒஹாயோவின் கிளீவ்லாந்துக்குப் பறந்தார்கள். லூயிஸ் தேடன் ஜெயித்தார். ஊர் உலகுக்கே பெயர் தெரிந்த அமீலியா இயர்ஹார்ட் அவருக்குப் பின்னால் மூன்றாவதாகத்தான் வந்தார். மார்வெல் கிராசன் என்பவர் அரிசோனாவில் விழுந்து இறந்துபோனார். அந்தப் பந்தயத்துக்குப் பவுடர் பூசுகிற பஞ்சை வைத்து 'பவுடர் பஃப் டெர்பி' என்று பெயர் சூட்டினார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியவர்களுக்கு அந்தப் பெயரா! படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. இப்போதைய பந்தயம் 1977-இலிருந்து நடக்கிறது.

முப்பது வினாடிக்கு ஒரு விமானமாகக் கொடி அசைத்து விட்டார்கள். முதல் நாளில் அப்பலாச்சிய மலைகளின் மேல் நல்ல மூட்டம், பால் கலந்த காற்று மாதிரி. ஒஹாயோவுக்குள் நுழைந்ததும் தெளிந்தது. முதல் ஃப்ளைபையை என்னால் மறக்க முடியாது. வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும், நேரம் குறிக்கும் கோட்டை முழு த்ராட்டிலில், மிகத் தாழ்வாகக் கடக்க வேண்டும். வழக்கமாக ஒரு விமான நிலையத்தை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துத்தான் பழக்கம். இங்கே மூக்கை லேசாகத் தாழ்த்தி, என்ஜின் முழுச் சத்தத்தோடு, ஓடுதளம் கீழே கிடுகிடுவென்று ஓட, பக்கத்தில் தோழி "இப்போ!" என்று கத்தினாள். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது ஒரு டாக்சிக் கதை. ஊர்ப் பெயர் வேண்டாம். மழைமேகம் வழியை அடைத்ததால் இரவு தங்க வேண்டியிருந்தது. அமெரிக்கச் சின்ன விமான நிலையங்களில் வருகிற விமானிகளுக்கு என்று ஒரு பழைய கார் நிறுத்தி வைத்திருப்பார்கள். க்ரூ கார் என்று பெயர். காசு கிடையாது. திரும்பக் கொண்டுவரும்போது பெட்ரோல் போட்டால் போதும். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அன்றைக்கு அந்தக் காரை எங்களுக்கு முன் வந்த அணி எடுத்துப் போயிருந்தது. ஊரில் இருந்தது ஒரே டாக்சி. மோட்டலுக்கு நான்கு மைல். 38 டாலர் கேட்டார். மீட்டர் இல்லை. பெட்டிக்குத் தனிக் காசு, இரவு ஒன்பதைத் தாண்டியதற்குத் தனிக் காசு. கிட்டத்தட்ட 2,400 ரூபாய்! மதுரையில் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி வளர்ந்தவள் நான். அங்கே மழையில் நின்றுகொண்டு பேச வழியில்லை. காலையில் அதே ஆளைக் கூப்பிடவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம். ஒன்றேகால் மணி நேரம். 38 டாலர் என்றால் ஆறு காலன் எரிபொருள், அரை மணி நேரத்துக்கு மேல் பறக்கலாம்.

பெமிட்ஜி. இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த ஊர். மினசோட்டாவின் வடக்கில், ஏரிக்கரையில், பால் பன்யன் என்ற நாட்டுக்கதை மரவெட்டிக்கு 18 அடிச் சிலையும் பக்கத்தில் அவனுடைய நீல எருதும் நிற்கின்றன. 1937-இலிருந்து நிற்கின்றனவாம். மிசிசிப்பி ஆறு பிறக்கும் இட்டாஸ்கா ஏரி பக்கத்தில்தான். ஜூனில் அங்கே இரவு ஒன்பதே கால் தாண்டித்தான் சூரியன் மறைகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது சாப்பாட்டை.

விமான நிலையத்தில் உதவிக்கு வந்திருந்த ஊர்க்காரப் பெண்கள் வீட்டிலிருந்து பெரிய பானையில் காட்டு அரிசி சூப் கொண்டுவந்திருந்தார்கள். பெயரில்தான் அரிசி. உண்மையில் அது நெல் இல்லை, ஏரிகளில் தானாக வளரும் வேறொரு புல்லின் விதை. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் அதை மனோமின் என்கிறார்கள். இருவர் படகில் போய், ஒருவர் படகைத் தள்ள, மற்றவர் குச்சியால் தாளை வளைத்துத் தட்டி விதையைப் படகுக்குள்ளேயே உதிர்ப்பார்களாம். பிறகு வறுத்து, உமி நீக்குவார்கள். கறுப்பாக, நீளமாக, வெந்ததும் வெடித்து உள்ளே வெள்ளை தெரியும். கோழி, காரட், பால் ஏடு சேர்த்த சூப். வறுத்த வாசனையும் கொட்டைப் பருப்புச் சுவையும் கலந்து, நம் கைக்குத்தல் அரிசிக் கஞ்சியின் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். காசு கொடுக்கப் போனபோது அந்தப் பெண்களில் மூத்தவர் என் கையை மடக்கிவிட்டு, ஒரு பொட்டலம் காட்டு அரிசியையும் பையில் திணித்தார். நேற்று அதில் வெண்பொங்கல் செய்து பார்த்தேன். குழையவே மாட்டேன் என்கிறது, ஆனால் மிளகும் நெய்யும் அதற்கு அப்படிப் பொருந்துகின்றன.

பெமிட்ஜிக்குத் தெற்கே ஒரு தவறு செய்தோம். தரையில் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது என்பதால், நல்ல காற்றுக்காகக் காத்திருப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு காய் நகர்த்தல். தெற்கே போகும்போது சமவெளியில் எதிர்காற்று. எதிர்காற்று என்றால் தாழ்வாகப் போக வேண்டும். கீழே காற்று மெதுவாக இருக்கும், காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எங்கள் என்ஜினுக்கு முழு பலமும் கிடைக்கும். ஆனால் 6,500 அடியில் காற்று பக்கவாட்டில் திரும்பும் என்று முன்னறிவிப்பு சொன்னது. ஏறினோம். ஏறுவதிலேயே நேரம் போனது, அங்கே போனால் காற்று திரும்பவே இல்லை. தரைவேகம் 104. ஏற வேண்டாம் என்று முதலில் சொன்னவள் என் தோழி. ஏறச் சொன்னது நான். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்தது வரையான அந்தக் கட்டத்தில் மட்டும் பதினைந்து புள்ளி போயிற்று. அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இதைப் படித்தால் அவளுக்குத் தெரியட்டும்: நான் அதை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே தாழ்வாகத்தான். வெயிலில் கொதிக்கும் வயல்களுக்கு மேல், கரடுமுரடான ரோட்டில் மினிபஸ் போவதுபோல் தூக்கித் தூக்கிப் போட்டது. வாந்தி வராமல் இருக்க இஞ்சி மிட்டாய். அந்த வாரம் தென்மேற்கு முழுக்க அனல். ஃபீனிக்சில் 20-ஆம் தேதி 48 டிகிரி, சூடு தாங்காமல் சின்ன ஜெட் விமானங்களையே ரத்து செய்தார்கள். 22-ஆம் தேதி சிண்டி புயல் லூசியானா, டெக்சாஸ் எல்லையருகே கரையேறியது. அதன் ஈரம் எங்கள் பக்கம் வருமா என்று எல்லோரும் வரைபடத்தை வெறித்துக்கொண்டிருந்தோம்.

ஆளில்லாத எரிபொருள் பம்ப் ஒன்றில் என் கார்டை ஏற்கவில்லை. வெளிநாட்டு மாணவர் கணக்கு, தினசரி வரம்பு. தோழியின் கார்டும் தீர்ந்திருந்தது. பக்கத்தில் நிரப்பிக்கொண்டிருந்த வேறு கல்லூரி அணி எங்களுக்கு 31 காலன் போட்டுக் கொடுத்தது. போட்டியாளர்கள்! பணத்தை மறுநாள்தான் கொடுக்க முடிந்தது. போகிறவர்கள் தயவுசெய்து இரண்டு வங்கிகளின் கார்டு வைத்துக்கொள்ளுங்கள், வரம்பை உயர்த்தச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டெக்சாஸின் பிளெய்ன்வியூ பெயருக்கு ஏற்ற ஊர். பார்க்கிற திசையெல்லாம் தட்டை. அங்கிருந்து மேற்கே போகப் போக நிலம் ஏறிக்கொண்டே வந்து சாங்ரே டி கிறிஸ்டோ மலையாக நிமிர்கிறது. சான்டா ஃபே விமான நிலையமே 6,300 அடிக்கு மேல். அதில் 33 டிகிரி வெயில் சேர்ந்தால் காற்று 10,000 அடி உயரத்துக் காற்றுபோல மெலிந்துவிடும். இறக்கை பிடிப்பதற்குக் காற்று இல்லை, என்ஜின் மூச்சு வாங்குகிறது, த்ராட்டில் கடைசிவரை தள்ளியும் விமானம் சோம்பலாக ஏறுகிறது. மலையிடுக்கை நெருங்க நெருங்க என் வாய் வறண்டுபோனது. தோழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது மணி இரண்டு பத்து. ஐந்து மணிக் கெடுவுக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது.

முதல் பத்தில் நாங்கள் இல்லை. அந்தப் பதினைந்து புள்ளியை நினைத்தால் வயிறு எரிகிறது. மற்ற கட்டங்கள் பெரும்பாலும் லாபத்தில்தான் முடிந்தன.

கணக்கு: எரிபொருளுக்கு நினைத்ததைவிட 210 டாலர் கூடுதல், அறைக்கு 90 குறைவு, சாப்பாட்டுக்குப் பாதிதான், ஏனென்றால் ஊருக்கு ஊர் யாராவது ஊட்டிவிட்டார்கள். கையில் மீதம் 118 டாலர். அடுத்த வருடத் தொடக்கம் டெக்சாஸின் ஸ்வீட்வாட்டர், இரண்டாம் உலகப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ராணுவ விமானம் ஓட்டப் பயிற்சி பெற்ற இடம். எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. தோழிக்கும்தான். ஆகஸ்டில் கல்லூரி திறந்ததும் கடலைப் பருப்பு ஊறப்போடுகிறேன். இந்த முறை மூன்று வடை ஆறு டாலர்.